ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் குவெஸ்ட் வரிசை: நேரம் குறைவாக உள்ளவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற ஆன்லைன் விளையாட்டில் ஒவ்வொரு குவெஸ்டுக்கும் (கதையோடு வரும் பணிக்கும்) அது எவ்வளவு கடினம் என்று ஒரு முத்திரை உண்டு. நோவிஸ், இன்டர்மீடியட், எக்ஸ்பீரியன்ஸ்ட், மாஸ்டர், கிராண்ட்மாஸ்டர் என்று ஏறுவரிசையில் போகும். புதிதாக வருகிறவர்கள் நோவிஸ் எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் இன்டர்மீடியட் பக்கம் போக வேண்டும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படிப் போனால் ஒரு மாத மெம்பர்ஷிப் (காசு கட்டி வாங்கும் சந்தா) முழுக்கக் கரைந்தாலும் கேரக்டர் பெரிதாக வளர்ந்திருக்காது. அந்த முத்திரை குவெஸ்ட் மொத்தத்தில் எவ்வளவு சிரமம் என்று சொல்கிறது, அவ்வளவுதான். எதை முதலில் செய்வது என்று தெரிய மூன்று கேள்விகளை நீங்களே கேட்டுப் பார்க்க வேண்டும். இந்தக் குவெஸ்ட் என்ன கேட்கிறது? என்ன தருகிறது? முடித்தால் எதைத் திறந்துவிடுகிறது?

மதுரையில் நான் பார்த்தவரை இந்த விளையாட்டை ஆடுகிறவர்கள் கல்லூரிப் பிள்ளைகள், இல்லாவிட்டால் கடை, கம்பெனி வேலை முடித்து வீட்டுக்கு வந்து சாப்பிட்ட பிறகு உட்காருகிறவர்கள். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் கிடைத்தாலே பெரிது. மெம்பர்ஷிப்போ நீங்கள் லாகின் செய்தாலும் செய்யாவிட்டாலும் நாள் கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த இரண்டு மணி நேரத்தை வைத்துத்தான் இந்த வழிகாட்டியை எழுதியிருக்கிறேன்.

விளையாட்டே தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கேம்பிரிட்ஜில் உள்ள ஜேஜெக்ஸ் கம்பெனி 2007 ஆகஸ்டில் எடுத்து வைத்திருந்த ரூன்ஸ்கேப் பேக்கப்பை 2013 பிப்ரவரியில் தனி விளையாட்டாகத் திறந்தது. 2018 அக்டோபரிலிருந்து மொபைலிலும் ஆடலாம். கம்ப்யூட்டரில் விட்ட இடத்திலிருந்து அதே அக்கவுண்டில் போனில் தொடரலாம்.

முதல் படி: எக்ஸ்பி கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

மற்ற எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை. எக்ஸ்பி என்பது அட்டாக், மைனிங் போன்ற ஒவ்வொரு ஸ்கில்லிலும் சேரும் அனுபவப் புள்ளி. அது சேரச் சேர அந்த ஸ்கில்லின் லெவல் ஏறும். லெவல் 1-லிருந்து 2-க்குப் போக 83 எக்ஸ்பி போதும். லெவல் 30-க்கு மொத்தம் 13,363. லெவல் 99-க்கு 1,30,34,431. ஏறக்குறைய ஒவ்வொரு ஏழு லெவலுக்கும் தேவைப்படும் எக்ஸ்பி இரட்டிப்பாகும். 92-ஐத் தொடும்போதுதான் 99-க்கான பாதித் தூரத்தைக் கடந்திருப்பீர்கள்.

குவெஸ்ட் தரும் எக்ஸ்பி மட்டும் மாறாது. வாட்டர்ஃபால் குவெஸ்ட் அட்டாக்குக்கு 13,750, ஸ்ட்ரெங்த்துக்கு 13,750 தருகிறது. லெவல் 1-ல் இருக்கிறவர் அதை முடித்தால் இரண்டு ஸ்கில்லும் நேராக 30. அட்டாக் 70-ல் இருக்கிறவர் முடித்தால், அடுத்த ஒரு லெவலுக்கு வேண்டிய 76,818-ல் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறாது. ஆகவே பெரிய எக்ஸ்பி தரும் குவெஸ்டை எவ்வளவு சின்ன லெவலில் முடிக்க முடியுமோ அவ்வளவு சின்ன லெவலில் முடியுங்கள். மாடு, கோழி அடித்து லெவல் ஏற்றிய பிறகு குவெஸ்டுக்குப் போகலாம் என்ற யோசனையை விட்டுவிடுங்கள்.

இரண்டாம் படி: நிஜமான கடினத்தை அளக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

திருப்பரங்குன்றம் பக்கம் ஒரு தம்பி போனை நீட்டி, "அண்ணே, இன்டர்மீடியட்னு போட்டிருக்கு, நான் காம்பேட் லெவல் மூணுதான். இதுக்குப் போலாமா?" என்று கேட்டான். அவன் காட்டியது வாட்டர்ஃபால். "ஸ்கில் லெவல் ஏதாவது கேட்குதா பாரு" என்றேன். கீழே தள்ளிப் பார்த்தான். ஒன்றும் இல்லை. "யாரையாவது கொன்னே ஆகணும்னு இருக்கா?" அதுவும் இல்லை. "அப்ப கிளம்பு."

ஒரு குவெஸ்டின் நிஜக் கடினம் எங்கிருந்து வரும் என்றால், முதலாவது ஸ்கில் தேவை. இது நேரத்தைத் தின்னும், ஆனால் ஆபத்து கிடையாது. இரண்டாவது, தவிர்க்கவே முடியாத சண்டை. இங்கே அந்தச் சண்டையை எட்ட நின்று முடிக்க முடியுமா என்று கட்டாயம் பாருங்கள். ஃபைட் அரீனா குவெஸ்டில் வரும் பௌன்சர் என்ற நாயின் லெவல் 137. கேட்டாலே பயம் வரும். ஆனால் அதனால் நெருங்க முடியாத ஓர் இடத்தில் நின்றுகொண்டு மேஜிக்கிலோ வில்லிலோ அடித்தால் சின்ன கேரக்டரே முடித்துவிடும். இப்படிப்பட்ட இடத்தை சேஃப்ஸ்பாட் என்பார்கள். ட்ரீ நோம் வில்லேஜில் வரும் வார்லார்டுக்கும், கிராண்ட் ட்ரீயில் வரும் லெவல் 172 பிளாக் டீமனுக்கும் இதே வழிதான். அடுத்தது பொருட்கள். அதற்குப் பிறகு நடை. இந்த இரண்டுக்கும் முத்திரையில் இடமே இல்லை, ஆனால் நம் இரண்டு மணி நேரத்தில் பெரும்பகுதியைச் சாப்பிடுவது இவைதான்.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆடிப் பழகியவர்கள் இதில் குழம்புவார்கள். அங்கே குவெஸ்ட் பெயரின் நிறம் உங்கள் லெவலைப் பொறுத்து மாறும். சிவப்பு என்றால் இப்போது வேண்டாம், சாம்பல் என்றால் நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். ரூன்ஸ்கேப்பில் முத்திரை யாருக்கும் மாறாது. கேரக்டரை உருவாக்கிய அன்றைக்கும் அதே முத்திரை, எல்லா ஸ்கில்லும் 99 ஆன அன்றைக்கும் அதே முத்திரை. அதனால்தான் அளக்கும் வேலை நம் தலையில் விழுகிறது.

மூன்றாம் படி: காசு கட்டும் முன்பு இலவசக் குவெஸ்டுகள்

மெம்பர்ஷிப் வாங்கிய பிறகு இலவசக் குவெஸ்டுகளை முடித்துக்கொண்டிருப்பது காசுக்குப் பிடித்த கேடு. அவற்றை முன்னாலேயே முடித்துவிடுங்கள்.

லம்ப்ரிட்ஜில் குக்ஸ் அசிஸ்டென்டில் தொடங்கலாம். ஒரு முட்டை, ஒரு வாளிப் பால், ஒரு பானை மாவு. 300 குக்கிங் எக்ஸ்பி. எல்லாரும் செய்வதுதான், அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இம்ப் கேட்சரில் 875 மேஜிக் எக்ஸ்பி, விட்ச்சஸ் போஷனில் 325. இரண்டும் சேர்ந்தால் மேஜிக் 1-லிருந்து 10. இம்ப் கேட்சர் கேட்கும் நான்கு நிற மணிகளுக்காக இம்ப் என்ற குட்டிப் பிசாசுகளை விரட்டிக்கொண்டு அலையாதீர்கள். கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற விளையாட்டுச் சந்தையில் கிடைத்தால் வாங்கிவிடுங்கள். புது இலவச அக்கவுண்டுக்குச் சில பொருட்களின் வியாபாரத்தில் கட்டுப்பாடு இருக்கும், அதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் எல்லாரிடமும் வலியுறுத்துவது அடுத்து வரும் சங்கிலியை. டோரிக்ஸ் குவெஸ்டுக்கு 6 களிமண், 4 செம்புத் தாது, 2 இரும்புத் தாது கொண்டுபோய்க் கொடுத்தால் 1,300 மைனிங் எக்ஸ்பி. ஒரு பாறையைக்கூட வெட்டாமல் மைனிங் 10 ஆகிவிடும். நைட்ஸ் சோர்டு குவெஸ்ட் கேட்பதும் சரியாக மைனிங் 10. அதை முடித்தால் 12,725 ஸ்மிதிங் எக்ஸ்பி, ஸ்மிதிங் 1-லிருந்து 29. அதற்கு வேண்டிய புளூரைட் தாது இருக்கும் பனிக்குகையில் ஐஸ் ஜயன்ட்டுகளும் ஐஸ் வாரியர்களும் நிற்பார்கள். அவர்களோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். சாப்பாடும் ரன் எனர்ஜியும் நிறைத்துக்கொண்டு ஓடிப்போய், தாதுவை வெட்டிக்கொண்டு ஓடி வந்துவிடுங்கள். ஒரு குவெஸ்டின் பரிசே அடுத்த குவெஸ்டின் தகுதியாக அமையும் இப்படிப்பட்ட சங்கிலிகளைத் தேடிப் பிடிப்பதில்தான் திறமையான முன்னேற்றம் இருக்கிறது.

வாம்பயர் ஸ்லேயரில் 4,825 அட்டாக் எக்ஸ்பி. கவுண்ட் டிரேனாரின் லெவல் 34. பூண்டு கையில் இருந்தால் அவன் பலம் குறையும். கூரான மரக்கட்டையும் சுத்தியலும் இல்லாமல் போனால் எவ்வளவு அடித்தாலும் சாக மாட்டான்.

ரோமியோ அண்ட் ஜூலியட்டில் சண்டையே கிடையாது, 5 குவெஸ்ட் பாயின்ட் கிடைக்கும். இந்தப் பாயின்ட்டுகள் எதற்கு என்றால், டிராகன் ஸ்லேயருக்கு 32 பாயின்ட் வேண்டும்.

டிராகன் ஸ்லேயர் எக்ஸ்பீரியன்ஸ்ட் முத்திரை உள்ள இலவசக் குவெஸ்ட். எல்வார்க் என்ற டிராகனின் லெவல் 83. லம்ப்ரிட்ஜ் டியூக்கிடம் நெருப்பைத் தடுக்கும் கேடயத்தைக் கேட்டு வாங்காமல் போனால் ஒரே மூச்சில் கதை முடிந்துவிடும். இதில் ஆட்களைத் திணற வைப்பது சண்டையைக் காட்டிலும் சாமான் பட்டியல்தான். டிராகன் இருக்கும் தீவுக்கு வழி காட்டும் மேப்பின் ஒரு துண்டுக்காக மந்திரக் கதவு ஒன்று சுடாத மண் கிண்ணம், விசார்ட்ஸ் மைண்ட் பாம்ப் என்ற பானம், லாப்ஸ்டர் பாட், பட்டு என்று நான்கையும் கேட்கும். இன்னொரு துண்டு வோர்ம்பிரெய்ன் என்ற காப்ளினிடம் இருக்கிறது. 10,000 காயின் கொடுக்கலாம், இல்லை கொன்று எடுக்கலாம். கப்பலுக்குத் தனியாக 2,000 காயின். இத்தனையையும் முதலிலேயே பேங்கில் ஒரே இடத்தில் சேர்த்து வைத்துவிட்டால் இந்தக் குவெஸ்ட் ஒரே இரவில் முடியும். சேர்க்காமல் கிளம்பினால் ஒரு வாரம் இழுக்கும். பரிசு 18,650 ஸ்ட்ரெங்த், 18,650 டிஃபென்ஸ். ரூன் பிளேட்பாடி என்ற மார்புக் கவசம் போட அனுமதியும் இதில்தான். சண்டைக்குத் தெம்பு இல்லை என்று தோன்றினால் மெம்பர்ஷிப் வாங்கி அட்டாக்கை ஏற்றிக்கொண்ட பிறகு திரும்பி வாருங்கள், தப்பில்லை.

நான்காம் படி: மெம்பர்ஷிப்பின் முதல் வாரம், ஆர்டோயின் பக்கம்

மேலூரிலிருந்து டவுனுக்கு வருகிறவர் ஒரே நடையில் பேங்க் வேலை, மாசி வீதியில் சாமான், ஆஸ்பத்திரி என்று எல்லாவற்றையும் முடித்துக்கொண்டுதான் பஸ் ஏறுவார். குவெஸ்டையும் அப்படி ஊர்வாரியாகக் கட்டிக்கொள்ளுங்கள். வாட்டர்ஃபால், ஃபைட் அரீனா, ட்ரீ நோம் வில்லேஜ், மங்க்ஸ் ஃப்ரெண்ட், பிளேக் சிட்டி எல்லாம் ஆர்டோயின் நகரத்தைச் சுற்றியே இருக்கின்றன. அங்கேயே ஒரு பேங்கைப் பிடித்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக முடியுங்கள்.

முதலில் வாட்டர்ஃபால். இதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் சின்ன லெவலில் இதைச் சரியாகச் செய்துவிட்டால் மற்றவை எல்லாம் எளிதாகிவிடும். பேங்கிலிருந்து ஒரு கயிறும் நல்ல சாப்பாடும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏர், எர்த், வாட்டர் ரூன்கள் (மந்திரத்துக்கான கற்கள்) ஒவ்வொன்றிலும் 6 வேண்டும். அவற்றை இப்போது பேங்கிலேயே விட்டுவிடுங்கள், கல்லறைக்குப் பிறகுதான் தேவை.

அருவிக்கு மேலே உள்ள வீட்டில் அல்மேராவிடம் பேசி, பின்னாலிருக்கும் பரிசலில் ஏறுங்கள். அது கவிழும் இடத்தில் நிற்கும் ஹூடானிடம் பேசிவிட்டுக் கீழே வந்து, சுற்றுலா மையத்தின் மாடியில் உள்ள புத்தகத்தை எடுத்துப் படித்தால்தான் கதை நகரும். அடுத்து ட்ரீ நோம் வில்லேஜ் நிலவறை. அங்கே ஒரு பெட்டியில் சாவி, அந்தச் சாவியால் கதவைத் திறந்து உள்ளேயிருக்கும் கோல்ரியிடம் பேசினால் ஒரு கூழாங்கல் கிடைக்கும். அந்தக் கல்லைக் கிளாரியலின் கல்லறைமேல் பயன்படுத்தி உள்ளே இறங்க வேண்டும். ஆயுதம், கவசம், ரூன் எது இருந்தாலும் உள்ளே விடாது. சாப்பாடு மட்டும் கொண்டுபோங்கள். உள்ளே லெவல் 42 மாஸ் ஜயன்ட்டுகள் இருக்கும். நிற்காமல் ஓடிப்போய் ஒரு பெட்டியில் தாயத்தையும், சவப்பெட்டியில் அஸ்திக் கலசத்தையும் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

இப்போது பேங்குக்குப் போய் ரூன்களையும் கயிறையும் எடுத்துக்கொண்டு மறுபடி பரிசல். கயிற்றை முதலில் ஆற்றுக்கு நடுவேயுள்ள பாறையிலும், பிறகு பட்டமரத்திலும் பயன்படுத்தினால் அருவிக்குப் பின்னாலுள்ள கதவுக்கு இறங்கலாம். கதவைத் திறக்கும் முன்பு தாயத்தைக் கழுத்தில் போட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் அடித்துக்கொண்டு போய் வெளியே தள்ளிவிடும். உள்ளே ஒரு பெட்டியில் சாவி. லெவல் 86 ஃபயர் ஜயன்ட்டுகளைத் தாண்டி ஓட வேண்டிய இந்த இடம்தான் மொத்தக் குவெஸ்டிலும் உயிருக்கு ஆபத்தானது. உயிர் பாதியாகக் குறைந்தாலே சாப்பிட்டுவிடுங்கள். கடைசி அறையில் ஆறு தூண்கள். ஒவ்வொரு தூணிலும் ஏர் ஒன்று, எர்த் ஒன்று, வாட்டர் ஒன்று. பிறகு தாயத்தைக் கழற்றிச் சிலைமேல் பயன்படுத்துங்கள். கடைசியில் நிதானம் வேண்டும். நேராகக் கிண்ணத்தைக் கிளிக் செய்தால் வெள்ளம் வந்து வெளியே அடித்துவிடும். அஸ்திக் கலசத்தை எடுத்து அதைக் கிண்ணத்தின்மேல் பயன்படுத்த வேண்டும். அட்டாக் 30, ஸ்ட்ரெங்த் 30, கையில் இரண்டு வைரம், இரண்டு தங்கக் கட்டி.

இதோடு ஃபைட் அரீனாவின் 12,175-ஐயும் ட்ரீ நோம் வில்லேஜின் 11,450-ஐயும் கூட்டினால் அட்டாக் 37,375. லெவல் 40-க்கு 37,224 போதும். அதாவது ஒரு மாட்டைக்கூட அடிக்காமல் ரூன் வாள் பிடிக்கலாம். வாம்பயர் ஸ்லேயரையும் முன்பே முடித்திருந்தால் 41.

மங்க்ஸ் ஃப்ரெண்டில் 2,000 வுட்கட்டிங், பிளேக் சிட்டியில் 2,425 மைனிங். போகிற வழியில் இரண்டையும் முடித்துவிடலாம்.

அங்கிருந்து வடமேற்கே நோம் ஸ்ட்ராங்ஹோல்டு. கிராண்ட் ட்ரீ குவெஸ்டுக்கு அஜிலிட்டி 25 வேண்டும், அந்த ஊரிலேயே லெவல் 1-லிருந்து ஓடக்கூடிய அஜிலிட்டி கோர்ஸ் இருக்கிறது. 25 வரும்வரை ஓடிவிட்டு அங்கேயே குவெஸ்டைத் தொடங்குங்கள். 18,400 அட்டாக், 7,900 அஜிலிட்டி. 25-ல் இருந்த அஜிலிட்டி 31 ஆகும்.

ஐந்தாம் படி: கதவைத் திறக்கும் குவெஸ்டுகள்

எக்ஸ்பி குறைவு என்று தள்ளிவிடக் கூடாத குவெஸ்டுகளும் உண்டு. டிருயிடிக் ரிச்சுவல் வெறும் நோவிஸ், 250 எக்ஸ்பிதான். ஆனால் மூலிகை மருந்து செய்யும் ஹெர்ப்லோர் ஸ்கில்லுக்கே அதுதான் வாசல். கரடி, எலி, மாடு, கோழி என்று நான்கு பச்சை இறைச்சியை டாவர்லி நிலவறைக் கொப்பரையில் முக்கி எடுத்தால் முடிந்தது. மெம்பர்ஷிப் வந்த அன்றைக்கே செய்யலாம்.

போக்குவரத்தைத் திறப்பவை இதைவிட முக்கியம். லாஸ்ட் சிட்டியை முடியுங்கள் (கிராஃப்டிங் 31, வுட்கட்டிங் 36 வேண்டும்). அதில் கிடைக்கும் டிராமன் ஸ்டாஃப் என்ற கோல்தான் ஃபேரி ரிங்குக்குத் தேவை. ஃபேரிடேல் முதல் பாகத்தை முடித்து இரண்டாம் பாகத்தைத் தொடங்கினாலே ஃபேரி ரிங் (ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு உடனே தாவும் வளையம்) பயன்படுத்தலாம். இரண்டாம் பாகத்தை முடிக்க வேண்டியதில்லை. ஃபேரி ரிங் கிடைத்த பிறகு ஒவ்வொரு குவெஸ்டிலும் நடை பாதிக்குப் பாதி குறையும். ட்ரீ நோம் வில்லேஜை முடித்ததில், அதேபோல் தாவ உதவும் ஸ்பிரிட் ட்ரீயும் ஏற்கெனவே கையில் இருக்கிறது. என் கருத்தில், முதல் மாதத்திலேயே ஃபேரி ரிங் வரை போகாதவர் மெம்பர்ஷிப்பைப் பாதிதான் பயன்படுத்தியிருக்கிறார்.

வாராக் மியூசியத்தின் கீழ்த்தளத்தில் விலங்குகள் பற்றிய வினாடி வினா ஒன்று உண்டு. பதில் சொல்லி முடித்தால் ஸ்லேயருக்கு 1,000, ஹன்ட்டருக்கு 1,000. இரண்டும் லெவல் 9. போனில் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே முடிக்கக்கூடியது.

ஆறாம் படி: உங்கள் இரண்டு மணி நேரத்தை எப்படிப் பிரிப்பது

சாமான் சேர்ப்பது, பேசிக்கொண்டே நடப்பது, அஜிலிட்டி ஓடுவது எல்லாம் போனுக்கு. காலேஜ் பஸ், கடையில் கூட்டமில்லாத நேரம் அதற்குப் போதும். பாஸ் (பெரிய எதிரி) சண்டையும் புதிரும் ராத்திரி கம்ப்யூட்டருக்கு. கம்ப்யூட்டரில் ரூன்லைட் (விளையாட்டைத் திறக்கும் மென்பொருள்) போட்டு அதில் குவெஸ்ட் ஹெல்ப்பர் பிளகினைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்து யாரிடம் பேச வேண்டும், என்ன சாமான் வேண்டும் என்று திரையிலேயே காட்டும்.

நம் ஊரிலிருந்து ஆடினால் பிங் (சர்வர் பதில் தர ஆகும் நேரம்) அதிகம்தான். ஆனாலும் இந்த விளையாட்டு 0.6 விநாடிக்கு ஒரு டிக் என்ற கணக்கில் ஓடுவதால் துப்பாக்கி விளையாட்டுகள் அளவுக்குப் பாதிக்காது. வேர்ல்டு (சர்வர்) லிஸ்ட்டில் பிங் குறைவானதாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஏரியாவில் மாதாந்திர மின்தடை என்று முதல்நாள் பேப்பரில் வந்திருந்தால் அன்று பகலில் பாஸ் சண்டை வேண்டாம். ரவுட்டர் அணைந்தாலும் உங்கள் கேரக்டர் உடனே மறையாது, சண்டை நடுவில் நின்று அடி வாங்கும். செத்தால் பொருட்களைக் கல்லறையிலிருந்து எடுக்க 15 நிமிடம் உண்டு. இருந்தாலும் தேவையில்லாத விலை உயர்ந்த பொருளைக் குவெஸ்டுக்குக் கொண்டுபோகாமல் இருப்பதுதான் பாதுகாப்பு. அப்புறம், வாராந்திர அப்டேட் பெரும்பாலும் நமக்குப் புதன்கிழமை மாலை வரும். அந்த நேரத்தில் நீளமான சண்டையைத் தொடங்காதீர்கள்.

ஏழாம் படி: நடுக்கட்டம்

இங்கேதான் நிறையப் பேர் நின்றுவிடுகிறார்கள். சின்ன லெவலின் வேகம் குறைந்துவிடும், மாஸ்டர் முத்திரையைப் பார்த்து மலைப்பு வரும். ஒரு பெரிய குவெஸ்டைக் குறியாக வைத்து, அது கேட்பதையெல்லாம் பின்னாலிருந்து எழுதிக்கொண்டு வருவதுதான் வழி. அதற்கு நான் சொல்வது ரெசிபி ஃபார் டிஸாஸ்டர். கடைசிப் பகுதிக்கு 175 குவெஸ்ட் பாயின்ட் வேண்டும், குக்கிங் 70 வேண்டும். மங்கி மேட்னஸ், டெசர்ட் டிரெஷர், ஹாரர் ஃப்ரம் தி டீப் எல்லாம் அதன் வழியிலேயே வந்துவிடும். ஒரு நோட்டில் மேலே இதை எழுதி, கீழே கிளை கிளையாகப் பிரித்துக்கொண்டே போங்கள். அடிக்கிளையில் நிற்பவை நீங்கள் இன்றைக்கே செய்யக்கூடிய சின்னக் குவெஸ்டுகளாக இருக்கும்.

இந்தக் கட்டத்துக்கு முன்பு பிரேயர் ஸ்கில்லை 43-க்கு ஏற்றிவிடுங்கள். 37-ல் மேஜிக், 40-ல் அம்பு, 43-ல் கைச்சண்டை என்று மூன்று பாதுகாப்பும் அப்போதுதான் முழுமையாகும். பெரும்பாலான நடுக்கட்டப் பாஸ்களின் கடினம் அங்கேயே பாதி இறங்கிவிடும். மங்கி மேட்னஸ் முடித்ததும் ஏப் அடாலில் டிராகன் சிமிட்டார் என்ற வாள் வாங்கலாம். 1,00,000 காயின், பிடிக்க அட்டாக் 60. டெசர்ட் டிரெஷருக்கு மேஜிக் 50, தீவிங் 53, ஃபயர்மேக்கிங் 50, ஸ்லேயர் 10 வேண்டும். கையில் உள்ள எக்ஸ்பி விளக்குகளை (நாம் தேர்ந்தெடுக்கும் ஸ்கில்லுக்கு எக்ஸ்பி தரும் பொருட்கள்), லெவல் ஏற்றக் கஷ்டமான ஸ்கில்லுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அட்டாக்கில் கொட்டாதீர்கள்.

டிராகன் ஸ்லேயர் 2, சாங் ஆஃப் தி எல்வ்ஸ் போன்ற கிராண்ட்மாஸ்டர் குவெஸ்டுகளை இப்போது நினைக்கவே வேண்டாம். முதலாவது 200 குவெஸ்ட் பாயின்ட்டும் ஸ்மிதிங் 70, மேஜிக் 75-உம் கேட்கும். இரண்டாவது எட்டு ஸ்கில்களில் 70 கேட்கும். ரெசிபி ஃபார் டிஸாஸ்டரின் கிளைகளை முடித்துக்கொண்டு வரும்போதே அந்தத் தகுதிகளில் ஒரு பகுதி தானாகச் சேரும். ரெசிபி ஃபார் டிஸாஸ்டரின் பரிசான பாரோஸ் கையுறை லம்ப்ரிட்ஜ் கோட்டையின் நிலவறைப் பெட்டியில் விற்கும். விலை 1,30,000 காயின். வழியில் கிடைக்கும் பணத்தில் அதைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டே வாருங்கள்.